தும்மலுக்கு இழப்பீடா? அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர்களின் 'மூக்கு' போராட்டம்!

'தும்மலுக்கெல்லாம் அரசாங்கம் பணம் தருமா?'னு சிரிக்காதீங்க. இராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பையைத் திறந்தவெளிக் குழிகளில் எரித்த புகையைச் சுவாசித்த அமெரிக்க வீரர்கள் பலருக்கு, ஊர் திரும்பியும் மூக்குப் பிரச்னை தீரவில்லை.

2022-ல் வந்த 'பேக்ட்' சட்டம், அங்கே பணியாற்றியவர்களின் நாள்பட்ட மூக்கு அழற்சிக்குப் பணியே காரணம் என ஏற்கிறது. மற்றவர்கள் மூன்றை நிரூபிக்கணும்: இப்போது நோய் இருக்கிறது, பணியின்போது பாதிப்பு நேர்ந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு. 'சீசன் அலர்ஜிதானே, தானா சரியாயிடும்' என்று ஆகிவிட்டால் சிக்கல்தான்.

எவ்வளவு கிடைக்கும்?

மூக்கில் பாலிப் எனும் சதை வளர்ச்சி இருந்தால் 30% ஊனம். பாலிப் இல்லாமல், இரு பக்கமும் பாதிக்கு மேல் அல்லது ஒரு பக்கம் முழுக்க அடைத்திருந்தால் 10%. அதுவும் இல்லையா? பணிதான் காரணம் என ஏற்றாலும் 0%தான். பணம் வராது, ஆனா, அந்த நோய்க்கு இலவச சிகிச்சை உண்டு.

நிராகரிச்சுட்டாங்களா?

மூன்று வழிகள்: புது ஆதாரத்தோடு துணை மனு, பழைய ஆதாரத்தையே மூத்த அதிகாரி மறுபடி பார்ப்பது, மேல்முறையீட்டு வாரியம். ஓராண்டுக்குள் போனால், முதல் மனு கொடுத்த காலத்திலிருந்தே நிலுவை கிடைக்க வாய்ப்புண்டு. இரு பக்க ஆதாரமும் சமமாக இருந்தால், சந்தேகத்தின் பலன் வீரருக்கே!

அதனால்தான், அன்று முகாம் டாக்டர் எழுதிய 'மூக்கடைப்பு' என்ற ஒரு வரிகூட இன்று பெரிய சாட்சி.