காற்றோடு விளையாடும் மகன்

பாடசாலை விட்டுப் பிள்ளைகள் கலைந்து கொண்டிருந்த நேரம். வாசலில் ஓர் உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி காத்து நின்றார். எங்கள் இறப்பர் தோட்டத்துச் சந்தியில் சிறு கடை வைத்திருப்பவரின் மனைவி. அவருடைய மூத்த மகன் என்னிடம் இஸ்லாம் பாடம் படித்தவன்.

"மௌலவி, ஒரு பத்வா கேட்டு வந்தேன். பட்டத்தில தொங்கிக் கொண்டு கடல்ல ஓடுற விளையாட்டு ஹராம்தானே? ஹராம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. அதைச் சொல்லி மகனை வீட்டோட வெச்சுக் கொள்றேன்."

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு கற்பிட்டிக்கு வேலைக்குப் போனவன், கணுக்கால் எலும்பு முறிந்து, காலில் பிளாஸ்டர் கட்டோடு வீடு வந்து சேர்ந்திருந்தான். வெள்ளைக்காரர் ஒருவருக்காகப் பட்டத்தைப் பிடித்துக் கொடுத்தானாம். திடீரென்று அடித்த காற்றில் பட்டம் புரண்டு, கயிறு இவன் காலில் சுற்றி, மணலில் இழுத்துக் கொண்டு போயிற்றாம். கடையின் கடனில் பாதியை அடைத்தது அவன் சம்பளம்தான். ஆனாலும், "பணம் வேண்டாம், பிள்ளை வேண்டும்" என்று அந்த உம்மா அழுதார்.

சகோதரிகளே! அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும். ஆனால், தலையில் காயம் பட்ட ஒரு ஸஹாபியின் சம்பவம் எனக்கு நினைவு வந்தது. பயணத்தில் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். அறியாமல் "கூடாது" என்றார்கள். குளித்தார், மௌத்தானார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, தெரியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்று வினவினார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள சம்பவம் இது. தெரியாமல் சொல்லும் பத்வா ஆளையே கொல்லும்! "விசாரித்துச் சொல்கிறேன்" என்று அந்த உம்மாவை அனுப்பி வைத்தேன்.

கற்பிட்டியில் கண்டது

ஆகஸ்ட் விடுமுறையில் குருநாகல் வழியாகப் புத்தளம் போய், பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டிக்குப் போனேன். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையும், மீன்வாடிகளும், பள்ளிவாசல்களும் உள்ள பழைய முஸ்லிம் ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்கள் பலருக்கு அடைக்கலம் கொடுத்த மண்ணும் இந்தக் குடாநாடுதான்.

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் காற்று ஓயாமல் வீசுகிறது. அந்தக் காற்றைத் தேடித்தான் வெளிநாட்டார் வருகிறார்கள். வானத்தில் பிறை போல வளைந்த பெரிய பட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு சிறிய அறையின் தரையளவு அகலம். இருபது, இருபத்தைந்து மீற்றர் நீளக் கயிறுகள். இடுப்பில் ஒரு பட்டி, காலடியில் ஒரு பலகை. காற்று இழுக்க, மனிதன் நீரின் மேல் வழுக்கி ஓடுகிறான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, மறுக்க மாட்டேன்.

பிரான்ஸ் நாட்டுச் சகோதரர் இருவர் 1984இல் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். நீரில் விழுந்தாலும் அது மூழ்காது. அதன் பிறகே இந்த விளையாட்டு பரவியது. 2024ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இடம் பெற்று விட்டது. பலகையில் பாய்மரம் நட்டு ஓடும் மற்றொரு விளையாட்டு 1984 முதலே ஒலிம்பிக்கில் உண்டு.

காயம் எப்படி வருகிறது?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். ஒரு நிமிடம் முன்பு சாதுவாக இருந்த பட்டம், அடுத்த வீச்சில் ஆளையே மேலே தூக்கி விடும். தூக்கியது எங்கே போடும்? நீரில் போட்டால் பிழைப்பான். மதிலிலோ, தோணியிலோ, தென்னையிலோ போட்டால்?

ஜெர்மன் மருத்துவர்கள் இந்த விளையாட்டு வீரர் 235 பேரை ஆறு மாதம் கவனித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 124 காயங்கள். அதாவது ஆயிரம் மணித்தியால விளையாட்டுக்கு ஏழு. நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை பாதத்திலும் கணுக்காலிலும். அடுத்து தலை, நெஞ்சு, முழங்கால். ஒருவர் உயிரிழந்தார். இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாதிக்கு மேற்பட்ட காயங்கள், கட்டுப்பாடு தவறிய நேரத்தில் பட்டத்தை இடுப்பிலிருந்து கழற்றி விட முடியாததால் நேர்ந்தவை. உடனே கழற்றும் பூட்டு வைத்திருந்தவர்களுக்குக் காயம் குறைவு.

பாய்மரப் பலகையில் வேறு விதம். பாதம் வாருக்குள் சிக்கியிருக்க உடம்பு மட்டும் தூக்கி எறியப்பட்டால் நடுப்பாத எலும்பு முறியும். மரம் சாய்ந்து தலையிலும் அடிக்கும்.

கரையில் நான் கண்ட இன்னொன்றும் உண்டு. விளையாட வந்தவர் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்திருந்தார். பட்டம் பிடித்துக் கொடுத்த நம் பிள்ளைகள் பலர் வெறுங்காலோடும் வெறுந்தலையோடும் நின்றார்கள். மலைநாட்டிலிருந்து போன சிலருக்கு நீந்தவும் தெரியாது!

நான் சொன்ன பதில்

திரும்பி வந்து அந்த உம்மாவிடம் சொன்னேன்: "விளையாட்டை ஹராம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியவர்கள். பலமுள்ள முஃமினைப் புகழ்ந்தவர்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுங்கள் என்ற உபதேசம் உமர் (ரலி) அவர்களின் பெயரால் சொல்லப்படுகிறது. ஆனால், பாதுகாப்பில்லாமல் காற்றின் முன் நிற்பது பாவத்துக்கு அஞ்ச வேண்டிய காரியம். தம்மைத் தாமே அழிவில் போட்டுக் கொள்வதைக் குர்ஆன் தடுக்கிறது. கடல் கொந்தளிக்கும் போது அதில் இறங்குபவரை ஹதீஸும் எச்சரிக்கிறது. ஒட்டகத்தைக் கட்டி விட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. பட்டத்தின் பூட்டும் அந்தக் கட்டுத்தான்."

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் என்ன நிபந்தனை போடலாம் என்று எழுதித் தாங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன்:

நீச்சல் பழகிய பிறகே வேலைக்குத் திரும்ப வேண்டும். தலைக்கவசம், மிதவைச் சட்டை, கடற்கரைச் சப்பாத்து ஆகியவற்றை முதலாளி தர வேண்டும். கயிற்றைக் கையிலோ விரலிலோ ஒரு போதும் சுற்றக் கூடாது. காற்று போகும் திசையில் பட்டத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது. மதில், மரம், தோணி அருகே பட்டம் ஏற்றக் கூடாது. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் இறங்கக் கூடாது. களப்பில் நடக்கும் போது பாதத்தை உரசி உரசி நடக்க வேண்டும், திருக்கை விலகிப் போகும்.

இன்னொன்றும் சேர்த்தேன். வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்பது பிச்சை அல்ல. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. வியர்வை உலர முன்னர் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், முறிந்த காலுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு முதலாளி சொல்ல முடியுமா?

தாய்மார் அறிய வேண்டியவை

கடலானாலும் நம் களு கங்கை, களனி கங்கையானாலும் இவை பொருந்தும். உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்து வலித்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், அசையாமல் படுக்க விட்டு 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடிக்கவோ வயிற்றை அமுக்கவோ வேண்டாம். மூச்சில்லையென்றால் பயிற்சி பெற்றவர் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். மூச்சுத் திரும்பினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது கட்டாயம். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். திருக்கை குத்தினால் தாங்கக் கூடிய சூட்டு நீரில் காலை வைத்து, உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

கணுக்கால் வீங்கி நான்கு எட்டு வைக்க முடியாவிட்டால் முதலில் எக்ஸ்ரே. நம் பகுதியில் கைராசியான முறிவு வைத்தியர்கள் உண்டு, மரியாதைக்குரியவர்கள். ஆனால், எலும்பின் நிலை தெரியாமல் எண்ணெய் போட்டு உருவினால் சிறு வெடிப்பும் பெரிதாகி விடலாம்.

அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போன போது எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது வேறொன்று. பிளாஸ்டர் நனையக் கூடாது, வுழூ செய்ய முடியாது என்று எண்ணி இருபது நாள் தொழாமல் இருந்திருக்கிறான்! நமது ஷாபிஈ மத்ஹபில் வழி இருக்கிறது: நல்ல உறுப்புகளைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவி, காயத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். மீட்டித் தொழ வேண்டுமா என்ற விபரத்தைக் கட்டுப் போட்ட நிலையைச் சொல்லி ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் தொழுகையை விட வேண்டாம்.

அவன் கால் குணமாயிற்று. மூன்று மாதம் ஊரில் நீச்சல் பழகினான். பழைய இடத்தில் நிபந்தனைகளை ஏற்கவில்லை, ஏற்றுக் கொண்ட வேறோர் இடத்தில் சேர்ந்தான். உம்மா இப்போதும் ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பின் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்கிறாராம்: "தொழுதியா மகன்? தொப்பி போட்டியா? காத்து எப்படி?"

தொப்பி என்று அவர் சொல்வது தலைக்கவசத்தை!

காற்று அல்லாஹ்வின் படைப்பு. அவன் நாடினால் அதை நிறுத்திக் கப்பல்களை நீரின் மேல் அசையாமல் நிற்க வைப்பான் என்று அஷ்ஷூறா அத்தியாயம் நினைவூட்டுகிறது. ஆகவே காற்றைத் திட்ட வேண்டாம், அதன் நலவைக் கேட்டு, தீங்கை விட்டும் பாதுகாவல் தேடுவோம். கூடவே கயிற்றின் பூட்டையும் சரி பார்ப்போம். தூரத்தில் உழைக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல நாயன் பாதுகாப்பானாக! ஆமீன்.