துணையிழந்த பிள்ளைக்குத் துணை யார்?

கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே அமைந்திருக்கிறது செட்டிபாளையம். இவ்வெழுவான்கரை 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையைக் கண்டது. 2007இன் முற்பகுதியில், போருக்கு அஞ்சிப் படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வந்தோருக்கும் இக்கரையே புகலிடமாயிற்று. அக்காலத்தில் மாவட்டத்திலே இடம்பெயர்ந்திருந்தோர் ஓர் இலட்சத்துக்கும் அதிகம்.

இத்தகைய வேளைகளில், பெற்றோரைப் பிரிந்து தனித்து வரும் பிள்ளைக்கு உணவும் பாயும் கிடைத்துவிடும். அதன் உள்ளத்தைப் பேணுவது யார்? இரக்கமுள்ள எவரும் போதுமென நாம் எண்ணுகிறோம். ஆனால், இரக்கத்துக்கும் பயிற்சி வேண்டும்.

நடந்ததைச் சொல்லும்படி பிள்ளையைத் துருவிக் கேட்பது பராமரிப்பாளர் பலர் செய்யும் முதற் பிழை. உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல், வற்புறுத்திக் கேட்கலாகாது என்கிறது. பார்த்தல், செவிமடுத்தல், உரிய உதவியோடு இணைத்தல் என்னும் மூன்றையே கற்பிக்கிறது.

பேசாத பிள்ளைக்குக் கைகள் பேசும். மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தமிழ், முஸ்லிம் சிறுவர் ஒன்றுகூடிக் களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், நாடகம் ஆடினர். உள்ளூர் இளைஞரே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாயினர்.

இரண்டாவது பாடம், முகம் மாறாதிருத்தல். இரண்டாம் உலகப்போரின்போது இலண்டனில் அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்காமும் நடத்திய ஹாம்ஸ்டெட் காப்பகத்தில், குழந்தைகளைச் சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாதியை அமர்த்தினர். முதலில் அழுகையும் பொறாமையும் பெருகின. சில வாரங்களில் அவை தணிந்து, பிள்ளைகள் தெளிவுற வளரலாயினர்.

மூன்றாவது, மெய் பேசுதல். "அம்மா நாளைக்கு வருவா" என்று பொய்யுரைத்தால், நாளை மறுநாள் நம் சொல் எதனையும் பிள்ளை நம்பாது. "தேடுகிறோம், தெரிந்ததும் உனக்குச் சொல்லுவோம்" என்பதே தகும்.

படுக்கையை நனைப்பதும் இரவில் அலறுவதும் கண்டிக்கத்தக்க குற்றங்களல்ல, அச்சத்தின் அடையாளங்கள். குழப்படி செய்யும் பிள்ளையை எல்லோரும் கவனிப்பர். மூலையில் ஓசையின்றி இருக்கும் பிள்ளையே மறக்கப்படும். உண்ணாமலும் உறங்காமலும் நாட்கள் நீளின் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

பராமரிப்பாளரும் மனிதரே. துயர் நாளும் கேட்பவருக்கு ஓய்வும், மனம் விட்டுப் பேச மூத்தவரொருவரும் தேவை.

உதவித் திட்டங்கள் முடிவடையும். ஊழியர் ஊர் திரும்புவர். அந்நாளைப் பிள்ளைக்கு முன்கூட்டியே அறிவித்து, விடைபெற்றுச் செல்லக் கற்பிப்பதும் பயிற்சியின் ஓர் அங்கமே. சொல்லாமற் போனவர்களை அப்பிள்ளை முன்னரே கண்டுவிட்டது. அந்த வரிசையில் நாமும் சேர வேண்டாம்.