நித்தியகல்யாணி வளர்ப்பும் பராமரிப்பும்

நித்தியகல்யாணி வறட்சியைத் தாங்கி ஆண்டு முழுவதும் பூக்கும் பல்லாண்டுச் செடியாகும். இதன் தாயகம் மடகாசுகர் தீவு. அரளியின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி இன்று வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் தானாகவே பரவி வளர்கிறது. தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்றும் இலங்கையில் பட்டிப்பூ என்றும் இதனை அழைப்பர்.

இடமும் மண்ணும்

நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் ஏற்றது. நிழலில் செடி நெடுநெடுவென்று வளரும், பூக்கள் குறையும். வளம் குறைந்த மணற்பாங்கான மண்ணிலும் வளரும். ஆனால் தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது. தொட்டியில் நடுவதானால் செம்மண், மணல், மட்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளைகள் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். செடிகளுக்கு இடையே சுமார் 30 செ.மீ. இடைவெளி போதும்.

நீர் பாய்ச்சுதல்

நட்ட முதல் சில வாரங்களுக்கு மண் காயாமல் நீர் விட வேண்டும். வேரூன்றிய பிறகு மேல்மண் நன்றாகக் காய்ந்த பின்னரே விட வேண்டும். வறட்சியைவிட மிகுதியான நீரே இச்செடிக்குப் பெரும் பகை. ஈரம் நிலைத்திருக்கும் மண்ணில் பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகள் தாக்கி வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால், மண் ஈரமாக இருந்தும் இலைகள் வாடும். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் நீர் விட்டால் செடி விரைவில் இறக்கும்.

எனவே செடி வாடினால் முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் நீர் தேவை. ஈரமாக இருந்தால் நிறுத்த வேண்டும். உச்சி வெயிலில் இலைகள் சற்றுச் சுருண்டு மாலையில் நிமிர்வது இயல்பானதே. இலைகள் நனையாமல் வேர்ப்பகுதியில் நீர் விடுவது நல்லது.

இனப்பெருக்கமும் கவாத்தும்

முற்றிய காய்கள் வெடிப்பதற்கு முன் கரிய விதைகளைச் சேகரிக்கலாம். விதை முளைக்க இருள் தேவை என்பதால், மெல்லிய மண்ணால் மூட வேண்டும். வெதுவெதுப்பான காலத்தில் ஒன்று முதல் மூன்று வாரங்களில் முளைக்கும். நுனித் தண்டுகளை வெட்டி நட்டும் வளர்க்கலாம்.

வாடிய பூக்கள் தாமே உதிர்ந்துவிடுவதால், அவற்றைக் கிள்ள வேண்டியதில்லை. ஓரிரு ஆண்டுகளில் அடித்தண்டு மரத்தன்மை அடைந்து இலையுதிர்க்கும். அப்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் புதுக் கிளைகள் விட்டுப் பூக்கும். உரம் மிகுந்தால் இலையே பெருகும்.

எச்சரிக்கை

குருதிப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் வின்கிறிசுட்டின், வின்பிளாசுட்டின் ஆகிய மருந்துகள் இச்செடியிலிருந்து கண்டறியப்பட்டவை. இவை செடியில் மிக நுண்ணிய அளவிலேயே உள்ளன. பிரித்துத் தூய்மைப்படுத்தி, மருத்துவர் கண்காணிப்பில் ஊசி வழியாகச் செலுத்தப்படுகின்றன. செடியின் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை கொண்டவை. ஆகவே இலையையோ பூவையோ கொதிக்க வைத்துக் குடிப்பது ஆபத்தானது. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இதைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளைகளை வெட்டிய பின் கைகளைக் கழுவ வேண்டும்.