மீட்டரைப் பார்த்தார்கள், மின்சாரம் மிச்சமானது!

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கு மின்சார பில் வருவதில்லை. எத்தனை யூனிட் செலவாயிற்று என்பதும் தெரியாது. அறையில் ஆள் இல்லாதபோதும் விளக்கு எரியும். கேட்டால், "அதுதான் விடுதிக்குப் பணம் கட்டியாயிற்றே!" என்பான்.

இந்தப் பழக்கத்தை மாற்ற முடியுமா? அறிவுரை சொல்லலாம். சுவரில் எழுதிப் போடலாம். அமெரிக்காவில் ஒரு கல்லூரி வேறு வழியில் போயிற்று. மாணவர்களையே ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது!

ஓபர்லின் கல்லூரி

ஒகையோ மாநிலத்தில் ஓபர்லின் என்று ஒரு சிறிய ஊர். 1833-ல் அங்கே தொடங்கிய கல்லூரிக்கும் அதே பெயர்தான். மதுரைக்கு அது அந்நியமல்ல. அங்கு படித்த இளைஞர்கள் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து ஆங்கிலம் கற்பித்திருக்கிறார்கள்.

தண்ணீரையும் மின்சாரத்தையும் வீணாக்காமல், நாளைய மக்களுக்கும் மிச்சம் வைத்து வாழ்வது எப்படி? அந்தக் கல்லூரியில் இது ஒரு பாடம். புத்தகத்தைப் படித்து ஒப்புவிப்பதோடு அந்தப் பாடம் முடிவதில்லை. கையால் செய்து பார்க்கவேண்டும்.

இரண்டு வாரப் போட்டி

2005-ல் பேராசிரியர் ஜான் பீட்டர்சனும் மாணவர்களும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்கள் தங்கும் 22 விடுதிகளை எடுத்துக்கொண்டார்கள்.

2 விடுதிகளில் தனிக் கருவிகள் பொருத்தப்பட்டன. இந்த நிமிடம் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பது கம்ப்யூட்டரில் உடனே தெரியும். விளக்கை அணைத்தால் கணக்கு இறங்கும். போட்டால் ஏறும்!

மற்ற 20 விடுதிகளில் ஆட்கள் போய் மீட்டரைப் பார்த்து எழுதி வந்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை அந்தக் கணக்கு மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது.

வழக்கமான செலவு எவ்வளவு என்று முதலில் குறித்துக்கொண்டார்கள். பிறகு 2 வாரம் போட்டி. எந்த விடுதி அதிகம் மிச்சம் பிடிக்கிறது?

முடிவு என்ன?

மொத்தத்தில் மின்சாரச் செலவு நூற்றுக்கு 32 பங்கு குறைந்தது! மிச்சமானது 68,300 யூனிட். பணமாக 5,107 டாலர். காற்றில் கலக்காமல் தப்பிய கரியமில வாயு சுமார் 67 டன்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. வாரம் ஒரு முறை கணக்குப் பார்த்த விடுதிகளில் நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது. உடனுக்குடன் கண்ணால் பார்த்த விடுதிகளிலோ 55 பங்கு!

காரணம் எளிது. ஒரு வாரம் கழித்துக் கணக்கு வந்தால், எதனால் கூடிற்று என்று யாருக்கு நினைவிருக்கும்? சுவிட்சைத் தட்டியவுடன் எண் மாறினால், செய்த தவறு அப்போதே தெரிகிறது.

தோல்வியும் பாடமே

தண்ணீர் விஷயத்தில் இந்த வெற்றி கிடைக்கவில்லை. நூற்றுக்கு 3 பங்குதான் குறைந்தது. 2007-ல் ஆராய்ச்சியை வெளியிட்டபோது இதையும் மறைக்காமல் எழுதினார்கள். உள்ளதை உள்ளபடி எழுதப் பழகுவதும் படிப்புதானே?

போட்டி முடிந்தால் பழைய கதைதானா? இந்தச் சந்தேகம் அவர்களுக்கும் இருந்தது. மாணவர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். பழகிய சிக்கனத்தைத் தொடர்வோம் என்றார்கள் மாணவர்கள். சொன்னபடி நடப்பது அவரவர் கையில்.

நம் வீட்டில்

நம் வீட்டிலும் மீட்டர் இருக்கிறது. பில் வரும்போதுதான் அதன் நினைவு வருகிறது. உடனே, "யார் இவ்வளவு செலவழித்தது?" என்று சண்டை!

ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் மீட்டரின் எண்ணைக் குறிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்தால் ஒரு நாள் செலவு. முதல் வாரம் வழக்கம்போல் இருங்கள். அடுத்த வாரம் வேண்டாத விளக்கையும் விசிறியையும் அணைத்துப் பாருங்கள்.

இரண்டு வாரக் கணக்கையும் ஒப்பிட்டுச் சொல்லப்போவது உங்கள் பிள்ளை. பிறகு, காலி அறையில் விசிறி ஓடினால் முதலில் எழுந்து போய் நிறுத்துவதும் அந்தப் பிள்ளையாகவே இருக்கும்!