உதைபந்தாட்டத்தில் ஓட்டமும் வெற்றியும்

மன்னார்க் கரையோர ஊர்களிலே உதைபந்தாட்டத்தின்பால் மக்கள் கொண்ட ஈடுபாடு யாவரும் அறிந்ததே. அடம்பன் போன்ற வேளாண்மை ஊர்களிலும் அவ்வார்வம் உண்டு. அணிக்கு வீரரைத் தெரிவு செய்யுங்கால், பந்தைக் காலோடு கொண்டு விரைந்தோடும் இளைஞனுக்கே முதலிடம் அளித்தல் பல இடங்களிலும் காணப்படும் வழக்கமாகும். ஓட்டம் மிக்க அணியே வெல்லும் என்பது பலர் துணிபு. அத்துணிபு எத்துணை உண்மையுடைத்து என ஆராய்தல் வேண்டும். ஏனெனில், மாணவன் ஒருவன் அணியிற் சேர்வதும் புறத்தே நிற்பதும் அதனாலேயே முடிவாகின்றன.

தொடக்ககாலத்தில் ஓட்டமே ஆட்டமாயிருந்தது. 1863ஆம் ஆண்டு இங்கிலாந்திலே வகுக்கப்பட்ட விதிகளின்படி, பந்துக்கு முன்னே நிற்கும் வீரன் அதனைத் தன் அணியினரிடமிருந்து பெறுதல் ஆகாது. ஆதலின், ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு ஓட, ஏனையோர் அவன் பின்னே தொடர்ந்தனர். 1866இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. எதிரணியினர் மூவரேனும் கோல் எல்லைக்கும் தனக்கும் இடையே நிற்பின், முன்னே நிற்பவனும் பந்தைப் பெறலாம் என்றாயிற்று. 1872 நவம்பர் 30ஆம் நாள் கிளாஸ்கோ நகரில் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் பொருதின. ஆங்கிலேயர் தனித்தனியே பந்தைக் கொண்டோடினர்; உடல் எடையிற் குறைந்த ஸ்கொட்லாந்தியரோ தமக்குள் பந்தைப் பரிமாறி ஆடினர். எவரும் கோல் பெறாமலே ஆட்டம் முடிந்தது. வலியாரை எளியார் கூட்டு முயற்சியால் தடுத்து நிறுத்தியமையே அதன் சிறப்பு.

ஓட்டத்தின் பயனை எண்ணிக்கையால் அளப்போர் ஒரு மயக்கத்துக்கு ஆளாதல் கூடும். அதனை அமெரிக்க உதைபந்தாட்டம் நன்கு விளக்கும். அங்கு நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடுதல் ஒரு முறை. முன்னே எறிதல் மற்றொரு முறை. பின்னையது 1906இலேயே விதியால் ஏற்கப்பட்டது. வென்ற அணிகள் பெரும்பாலும் மிகுதியாக ஓடியிருப்பதைக் கணக்குகள் காட்டும். அதுகொண்டு, ஓடியமையால் வென்றனர் எனல் பொருந்தாது. எறிந்த பந்து பிடிபடாது விழின் கடிகாரம் நிற்கும். ஓடுபவன் எல்லைக்குள்ளே வீழ்த்தப்படின் அது பொதுவாக நில்லாது ஓடும். ஆதலின், முந்தி நிற்கும் அணி நேரத்தைக் கழிக்க ஓடுகின்றது. பின்தங்கிய அணி நேரத்தைக் காக்க எறிகின்றது. வெற்றி நெருங்கியமையால் ஓட்டம் மிகுந்ததேயன்றி, ஓட்டம் மிகுந்தமையால் வெற்றி வந்ததன்று. கட்டுக்கரைக் குளம் நிரம்பியமையால் மாரி பொழிந்தது என்பார் உளரோ? உண்மையில், ஓட்டத்தின் திறத்தினும் எறிதலின் திறமே அங்கு வெற்றியோடு நெருங்கிய தொடர்புடையது.

நம் ஆட்டத்திலும் இம்மயக்கத்துக்கு இடமுண்டு. இரண்டு கோல்களாற் பின்தங்கிய அணி முழுதும் முன்னேறித் தாக்குங்கால் அதன் பின்களம் வெறுமையாகும். அவ்வேளை எதிரணியினர் ஓடும் ஓட்டங்கள் கண்ணைக் கவரும். ஆயின் ஆட்டத்தின் போக்கு முன்னரே அமைந்துவிட்டது.

அங்ஙனமாயின் ஓட்டம் பயனற்றதோ? அன்று. 1986 ஜூன் 22ஆம் நாள் மெக்சிக்கோ நகரில், ஆர்ஜென்டீன வீரர் மரடோனா தம் பாதியிற் பந்தைப் பெற்று, எதிர்த்த ஆங்கில வீரரையெல்லாம் கடந்தோடி ஒரு கோல் பெற்றார். ஆர்ஜென்டீனா 2–1 என வென்றது. ஒரு வாரத்தின் பின் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டீனாவும் மேற்கு ஜேர்மனியும் 2–2 எனச் சமநிலையில் நின்றன. எதிரணியினர் மரடோனாவைச் சூழ்ந்தனர். அவர் ஓடவில்லை, ஒரே தொடுகையிற் பந்தைப் புருச்சாகாவுக்கு அனுப்பினார். அவர் வெற்றிக் கோலைப் பெற்றார். மரடோனாவின் ஓட்டத்துக்கு அஞ்சி எதிரிகள் திரண்டமையாலேயே ஏனையோனுக்கு வெளி திறந்தது எனலாம். ஓட்டத்தின் பெரும்பயன் இதுவே.

இதனை உணர்ந்தவருள் ஒருவர் ஐதராபாத்தைச் சேர்ந்த ஆசிரியரும் இந்திய அணியின் பயிற்சியாளருமான சையத் அப்துல் ரஹீம். பந்தை உருட்டிச் செல்லலாகாது எனும் நிபந்தனையுடன் போட்டிகள் நடத்தி, விரைந்து பந்தைப் பரிமாறும் திறனை அவர் வளர்த்தார். அவர் பயிற்றிய அணி 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் பொற்பதக்கம் வென்றது.

ஆகவே, நம் மைதானங்களில் ஓட்டங்களைக் குறித்து வைப்போர் இரண்டைச் சேர்த்துக் குறித்தல் நன்று: ஓடிய வேளையில் கோல் நிலை யாது? ஓட்டத்தின் முடிவிற் பந்து யாரிடம் சேர்ந்தது? இவ்விரண்டையும் நோக்கின், விரைவிற் குறைந்தவனாயினும் வெளியறிந்து பந்தை அனுப்பும் மாணவனுக்கும் அணியில் உரிய இடம் கிட்டும்.