தேயத் தேயத் திரும்பிய பல்

அழிந்துபோன ஊனுண்ணிப் பாலூட்டியான ஹையனோடானைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: நாய், பூனை இனங்கள் தலையெடுத்ததும் தோற்றுப்போன மந்தமான மிருகம்தானே அது?

பழைய நூல்கள் எழுதிவைத்த தீர்ப்பு அது. அந்நூல்கள் ஹையனோடானைச் சேர்த்துவைத்த 'கிரியோடான்ட்' என்ற வரிசையும் அப்படிப்பட்டதே. பழங்கால ஊனுண்ணிகளை ஒன்றாகப் போட்டுவைத்த தொகுப்பு என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை; ஆய்வாளர்கள் பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். 1838இல் பிரான்ஸ் நாட்டுப் புதைபடிவத்தை வைத்துப் பெயரிடப்பட்ட ஹையனோடானோ, ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா என மூன்று கண்டங்களில் 2 கோடி ஆண்டுகளுக்கு மேல் வேட்டையாடியது.

அதன் பற்களைப் பாருங்கள். இறைச்சியை அறுக்க மேல்பல்லின் விளிம்பு கீழ்ப்பல்லின் விளிம்பை உரசியபடி இறங்க வேண்டும். உரசினால் கூர் ஏறும், பல்லும் தேயும். தேய்ந்தால் இடைவெளி விழும். ஆணி தளர்ந்த கத்தரிக்கோலில் துணி வெட்டுப்படாமல் மடங்குவதுபோல, தசையும் அறுபடாமல் நழுவும். பாலூட்டிகளுக்குக் கடைவாய்ப்பல் ஒருமுறைதான் முளைக்கும். மாற்றுப் பல் கிடையாது.

ஹையனோடானின் மேல்கடைவாய்ப்பற்கள் தேயத் தேய, தாடைக்குள்ளேயே மெல்ல உட்புறமாகத் திரும்பின. வெட்டும் விளிம்பு கீழ்ப்பல்லை விட்டு விலகவே இல்லை. உயிருள்ளவரை சாணை பிடித்துக்கொண்டே இருந்த வாய் அது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் மெல்லட் 1969இல் இதை விளக்கினார்.

என்னை உறுத்துவதும் இந்தத் திறமைதான். நாய்க்கு வெட்டும் பல்லுக்குப் பின்னால் அரைக்கும் பற்கள் உண்டு. இறைச்சி இல்லாத நாளில் கிழங்கோ பழமோ தின்னலாம். ஹையனோடானின் முதன்மை வெட்டுப்பல்லே வாயின் கடைசிப் பல். அதற்குப் பின்னால் எதுவுமில்லை. இறைச்சியை விட்டால் அதற்கு வேறு வழி குறைவு.

மற்றக் கேள்விகள்:

கழுதைப்புலியின் மூதாதையா? இல்லை, இன்று அதற்கு நேர் வாரிசு எதுவுமில்லை.

எவ்வளவு பெரியது? இனத்துக்கு இனம் வேறுபடும். மங்கோலியாவில் கிடைத்த ஹையனோடான் கைகஸ் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

நாய், பூனை இனங்கள் வந்து விரட்டினவா? தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸில் ஆதிநாயான ஹெஸ்பெரோசையானின் எலும்பும் இதன் எலும்பும் ஒரே காலத்துப் படிவுகளில் கிடைக்கின்றன. வந்ததும் விரட்டியதாகச் சொல்ல அங்கே இடமில்லை.