நாள் குறித்தவர்களும் நாள் குறிக்காதவர்களும்

பெங்களூர் விவேக் நகரிலுள்ள குழந்தை இயேசு ஆலயத்தில், வியாழக்கிழமைதோறும் மெழுகுதிரியும் பூவுமாக வரிசையில் நிற்கிற ஜனத்திரளை, தமிழர் என்றும் கன்னடர் என்றும் மலையாளிகள் என்றும், ஏன், கிறிஸ்தவர்கள் என்றும் இந்துக்கள் என்றுங்கூடப் பிரித்தறிவது எளிதன்று. மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும், மருமகளுக்குப் பிரசவம் சுகமாக நடக்க வேண்டும், வீட்டுக் கடன் அடைய வேண்டும், வெளிதேசம் போக விசா கிடைக்க வேண்டும் என்று விண்ணப்பித்து நவநாள் சொல்லுகிற அவர்களிடம் போய், உலகம் எப்போது முடியும் என்று ஒருவர் கேட்பாரானால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்களே தவிர, அந்த விசாரத்துக்கு அவர்களிடம் அவகாசம் இராது. ஆனால் அதே நகரத்துத் தமிழ்ப் பேட்டைகளில், மாடிக் கூடங்களில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஞாயிறு ஆராதனை நடத்துகிற சிறு சபைகளுக்குள் நுழைந்தால் காற்றே வேறாக இருக்கும். உக்ரைன் யுத்தமும் காஸாவின் இடிபாடுகளும் பூகம்பமும் கொள்ளைநோயும் அங்கே வேத வசனத்தோடு அருகருகே வைத்து வாசிக்கப்படுகின்றன; சபை புத்துயிர் பெறும் எழுப்புதல் வர வேண்டும், கிறிஸ்துவின் வருகை சமீபம் என்பதே ஜெபத்தின் பல்லவி.

விவேக் நகர் ஆலயம் 1970களின் தொடக்கத்தில் ஒரு கூடாரத்தில் ஆரம்பமான சிறு வழிபாட்டிடம். அங்கே அரசகுமாரனைப் போல அங்கி தரித்து, வலது கையால் ஆசீர்வதித்து, இடது கையில் சிலுவை பொறித்த பூகோள உருண்டையை ஏந்தி நிற்கிற சொரூபமோ, பிராக் நகரத்து மூலச் சிலையின் பிரதி. அந்த மூலச் சிலையின் சரித்திரமே உலக சம்பவங்களின் கொந்தளிப்பில் நனைந்தது. போலிக்ஸேனா என்ற சீமாட்டி 1628இல் அதைக் கார்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தாள்; மூன்றாண்டு கழித்துச் சாக்ஸனி நாட்டுச் சேனை நகரைப் பிடித்தபோது, மடம் சூறையாடப்பட்டு, கைகள் முறிந்த சிலை குப்பையோடு குப்பையாகக் கிடந்தது; 1637இல் சிரில் என்ற துறவி அதைத் தேடி எடுத்தார். 1618இல் வால்நட்சத்திரம் தோன்றியதும், அவ்வாண்டே மூண்ட யுத்தம் முப்பது வருஷம் ஐரோப்பாவைச் சுடுகாடாக்கியதும், கடைசி நாள் வந்துவிட்டது என்று அக்காலத்தவரில் அநேகரை நம்பச் செய்தன. அந்தப் பயங்கரத்தினூடே வந்த குழந்தையிடந்தான் நம்மவர் விசா கேட்கிறார்கள் என்பதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை; முடிவைப் பற்றிய அச்சம் கரைந்து அன்றாடத் தேவைக்கு ஆதரவாக மாறுவதும் பக்தியின் ஒரு வழிதான்.

கிறிஸ்து மறுபடியும் வருவார் என்பதில் கிறிஸ்தவ சபைகளுக்குள் பேதமில்லை. எப்போது, எவ்விதம் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. 410இல் ரோமாபுரி அந்நியர் கையில் விழுந்தபோது, உலகமே முடிந்தது என்று ஜனங்கள் அலறிய நாளில், அதற்கு மறுமொழியாகப் பெரிய நூலொன்றை எழுதிய அகுஸ்தீனார், வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஆயிரம் வருஷத்தைத் திருச்சபையின் காலம் என்றே ஞானார்த்தமாகக் கொண்டார். கத்தோலிக்க சபை இன்றளவும் அந்த வழியிலேயே நிற்கிறது. கிறிஸ்து கண்கூடாகப் பூமியில் வந்து ஆளுவார் என்ற போதனையை, அதன் மிதமான உருவத்திலுங்கூட, அபாயமின்றிப் போதிக்க முடியாது என்று ரோமாபுரி 1944இல் தீர்ப்பளித்தது. லுத்தரன் சபையும் தென்னிந்தியத் திருச்சபையும் பெரும்பாலும் இதற்கு அண்மையில் இருப்பவை.

மற்ற வழி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் தோன்றிய பிரதரன் சபையாரால், முக்கியமாக ஜான் நெல்சன் டார்பியால், துலக்கமான உருவம் பெற்றது. முதலில் விசுவாசிகள் ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுகிற இரகசிய வருகை, பின்பு அந்திக்கிறிஸ்துவின் ஆளுகையும் ஏழு வருஷ உபத்திரவமும், அதன்பின் ஆயிரவருஷ அரசாட்சி, கடைசியில் நியாயத்தீர்ப்பு. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புரை வேதாகமம் இந்த வரிசைக்கிரமத்தை உலகெங்கும் பரப்பியது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை அதைத் தம்முடையதாக்கிக்கொண்டன. 1920களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கி, இன்று சென்னையை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் பெந்தெகொஸ்தே மிஷன், விவாகமின்றி வெள்ளையுடை தரித்து வாழும் ஊழியர்களைக் கொண்டு, வருகைக்கு ஆயத்தப்படுவதையே ஒரு ஜீவிய முறையாக ஆக்கிவிட்டது.

இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு செய்தித்தாளைப் பிரிக்கிறவனுக்கு ஒவ்வொரு தலைப்பும் அடையாளமாகவே தோன்றும் என்பதில் ஆச்சரியமில்லை. 1948இல் இஸ்ரேல் தேசம் பிறந்ததும் 1967இல் எருசலேம் முழுதும் அதன் வசமானதும் கடிகாரம் ஓடத் தொடங்கியதற்குச் சாட்சி என்றார்கள். 1991 வளைகுடா யுத்தத்தில், ஈராக்கில் பாபிலோன் மறுபடி எழும்பிற்று என்றார்கள். வெளிப்படுத்தின விசேஷம் எச்சரிக்கிற மிருகத்தின் முத்திரை என்று அஞ்சி மிசோரத்தில் சிலர் ஆதார் எண்ணையே வேண்டாமென்றார்கள். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். இந்த வியாக்கியானக் கலையில் தோல்வி என்பதே கிடையாது போலும்.

ஆனால் இவையெல்லாம் அமெரிக்கச் சரக்கு, நேற்று டெலிவிஷனில் வந்து இறங்கியது என்று எண்ணுவோர் நம் நாட்டுச் சரித்திரத்தை மறந்தவர்கள். மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் பாளையங்கோட்டையில் படித்தவரும் 1810இல் பிறந்தவருமான யோவான் கிறிஸ்தியான் அருளப்பன், பல் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு 1833இல் இந்தியாவுக்கு வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பிரதரன் பிரசங்கியின் சகவாசத்தால், மிஷன் சம்பளம் எதையும் ஏற்பதில்லை, கடவுள் நடத்துகிறபடி நடப்பது என்று தீர்மானித்து, வத்திராயிருப்புக்கு அருகில் கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை ஏற்படுத்தினார். அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் நிகழ்ந்த எழுப்புதல்களின் செய்தி எட்டிய பிறகு, 1860 மார்ச்சில் அவ்வூரில் அது மூண்டது. சபையில் இருந்தவர்கள் நடுங்கி விழுந்தார்கள், பாவங்களை உரக்க அறிக்கையிட்டு அழுதார்கள், அந்நியபாஷை பேசினார்கள், பெண்கள் எழுந்து தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் கிராமங்களுக்குள்ளும் அது பரவியது. பெந்தெகொஸ்தே இயக்கத்துக்குத் தோற்றுவாய் என்று எல்லாரும் சொல்லுகிற லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருக் கூட்டங்கள் 1906ஆம் வருஷத்தவை என்பதை நினைத்துப் பார்த்தால், நம் தென்பாண்டிக் குக்கிராமத்துக்கு நாற்பத்தாறு ஆண்டு முந்துரிமை இருப்பது தெரியவரும். மிஷனரிகளைக் கவர்ந்தது நடுக்கமும் கூக்குரலும் அன்று. சம்பளமின்றி, பிறர் ஏவாமல், உள்ளூரார் தாமே ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்ததுதான். கிறிஸ்துவின் வருகையை ஆவலோடு எதிர்பார்த்தவரே அருளப்பன். ஆயினும் 1867இல் அவர் மரித்தபோது அவர் பெயரோடு எந்த ஆண்டுக் கணக்கும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

கணக்கு ஒட்டிக்கொண்டது மலைக்கு அப்பால். அருளப்பன் வழிவந்த தமிழ்ப் பிரசங்கிகள் 1873 வாக்கில் திருவிதாங்கூருக்குச் சென்றபோது, அங்கே அவர்களுடைய அக்கினியை ஏற்றுக்கொண்டவர்களில் தலைமையானவர் யுஸ்தூஸ் யோசேப்பு என்ற குருவானவர். 1835இல் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யன் என்று பிறந்து, சங்கீதமும் சம்ஸ்கிருதமும் கற்று, 1861இல் மாவேலிக்கரையில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்ற அவரை ஜனங்கள் வித்வான் குட்டி என்று அழைத்தார்கள். கருநாகப்பள்ளிக்கு அருகே கன்னேட்டியில் அவருடைய சபையில் எழுந்த எழுப்புதலில், 1875இல், இன்னும் ஆறு வருஷத்தில் ஆண்டவர் வருவார் என்று ஒரு தீர்க்கதரிசனம் பிறந்தது. சி.எம்.எஸ். அதை ஒப்புக்கொள்ளவில்லை, பிரிவு உண்டாயிற்று, வெளியார் அவர்களை ஆறாண்டுக் கூட்டத்தார் என்றே அழைக்கலானார்கள். இடையில் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர்ச் சீமையையும் பெரும்பஞ்சம் வாரிக்கொண்டு போயிற்று. நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர்களின் செவிக்கு அந்தச் சாவுச் செய்திகள் எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1881 வந்தது, சென்றது. ஐக்கிய அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கி வருகைக்கு நாள் குறித்த கணக்கு 1844 அக்டோபரில் பொய்த்தபோது நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. சிலர் தாய்ச் சபைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள், வருகை மாம்சக் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியின்படி நிறைவேறிற்று என்று விளக்கம் கண்டு, யூயோமயம் என்ற தனிச் சபையாக நின்றார்கள். அவர்களை ஏமாளிகள் என்று தள்ளுவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நாழிகை ஒருவருக்கும் தெரியாது என்று சுவிசேஷமே தெளிவாகச் சொல்லியிருக்க, அதை வரிவரியாக அறிந்தவர்களே நாள் குறித்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அறியாமையாக இருக்க முடியாது. எழுப்புதல் என்பது உச்சத்தில் நெடுநாள் நிற்காத ஒரு வேகம். அது தணிவதைப் பார்க்கச் சகியாதவர்கள் அதற்கு ஒரு தேதியைக் கட்டி நிறுத்தப் பார்க்கிறார்கள். அந்தத் தேதி சில வருஷம் அனலைக் காக்கவும் செய்கிறது. பிறகு அதுவே பிளவாகிறது. கிறிஸ்தியான்பேட்டைக்கும் கன்னேட்டிக்கும் உள்ள வித்தியாசம் பக்தியின் அளவில் இல்லை, இந்த ஒரு சுவட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கத்தோலிக்கரிடையே எழுப்புதலுக்கு இடமில்லை என்று எண்ணுவதும் பிசகு. 1967இல் பிட்ஸ்பர்க் நகரத்துக் கல்லூரி மாணவர் சிலருடைய தியானத்தில் தொடங்கிய அருங்கொடை இயக்கம், 1970களில் இந்தியாவுக்கு வந்து, அந்நியபாஷையையும் குணமளிக்கும் ஜெபத்தையும் திருப்பலிக்குள்ளேயே வரவேற்றுக்கொண்டது. முடிவுகாலக் கணக்கை மட்டும் சபையின் அதிகாரம் வாசலிலேயே நிறுத்திவிட்டது. பெந்தெகொஸ்தே நண்பர்கள் இதை அரைகுறை எழுப்புதல் என்பார்கள், இருக்கலாம்.

வித்வான் குட்டி 1887இல் காலமானார். அவருடைய கணக்கை இன்று சரித்திரம் படிப்பவர்களைத் தவிர ஒருவரும் நினைப்பதில்லை. கர்நாடக ராகங்களில் அவர் அமைத்த மலையாளக் கீர்த்தனங்களையோ கேரளத்தில் அவரை விலக்கிய சபையார் உட்பட எல்லாச் சபையாரும் பாடுகிறார்கள், அவற்றில் சில வருகையைக் குறித்தவை என்றாலும் எந்த வருஷத்தில் என்று கேட்பவர் யாருமில்லை.